மஞ்சள் அடித்த சுவர்

திருப்பூரில் அந்த வீட்டைப் பார்க்க இப்போதும் கட்டடக்கலை மாணவர்கள் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ரோட்டில் நின்று போர்டிகோவை அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்குத் தூண் கிடையாது. வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி வெளியே நீண்டு, நுனிக்கு வரும்போது மூன்று அங்குலமாக மெலிந்து, வெறும் காற்றில் நிற்கும் கான்கிரீட் தளம். அறுபது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டிருக்கிறார்கள் என்று கூட வரும் ஆசிரியர் சொல்வார்.

அந்த வேலையில் இருந்தவள் என்பதால் எங்கள் பொறியாளர் சங்கத்து இளையவர்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "எப்படிப் பண்ணுனீங்கன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க மேடம், எங்களுக்கு யூஸ் ஆகும்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் பார்க்கும் போர்டிகோவுக்கு வயது அறுபது இல்லை, ஒன்பது. பழையது விழுந்துவிட்டது. விழுந்தபோது அதன் கீழே ஒருவர் நின்றிருந்தார்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்தவள். முதல் பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனிகளுக்கு ஷெட் வரைந்தேன். தையல் ஹால், கட்டிங் ஹால், அயர்ன் செக்‌ஷன், பின்னால் கழிவறை. நீளம் அகலம் மட்டும் மாறும். அதில் கற்றது, ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டால் இரும்பு தப்பாக வந்து இறங்கும் என்பது ஒன்றுதான். அப்புறம் ஸ்ரீதரன் சார் அலுவலகத்தில் சேர்ந்தேன். சார் சென்னைக்காரர். பழைய வீடுகளை, குறிப்பாக நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளை, முதலில் இருந்த வடிவத்துக்கே மீட்பது அவர் வேலை. திருப்பூரில் அப்படிப்பட்ட வீடுகள் இருபதாவது இருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தினம் பார்த்துக்கொண்டு போன வீடுகள்தாம். அவற்றை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டுவதைத்தான் நான் அதுவரை முன்னேற்றம் என்று நினைத்திருந்தேன்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை நடக்கும் வீட்டுக்குள் போகும்போது வாசலில் ஷூவைக் கழற்றுவார். உள்ளே சிமெண்டும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கும், அப்படியும் கழற்றுவார். சுவரை நடுவிரல் முட்டியால் தட்டிவிட்டு, "என்ன சொல்லுது?" என்று நம்மைக் கேட்பார். தெரியாது என்றால் கோபம் வராது. இன்னொரு இடத்தில் தட்டிவிட்டு மறுபடி கேட்பார். சரியாகச் சொல்லும் வரை அடுத்த அறைக்குப் போக மாட்டார். சார் கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தியிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது?

இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. அவருடைய மகன் காலத்தில் கம்பெனி பெருத்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வரவேற்பறை செக்கிங் ஹாலாகியது. மாடியில் நூல் மூட்டை. போர்டிகோவின் நுனிக்குக் கீழே ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி, ஷட்டர் போட்டு, அதைப் பேக்கிங் செக்‌ஷன் ஆக்கியிருந்தார்கள். பேரன் தலையெடுத்தபோது கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து உட்கார்ந்து பேச இந்த வீட்டைத் தாத்தா கட்டியபடியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது பேரனுடைய ஆசை.

முதல் நான்கு மாதம் நாங்கள் இடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அளந்தோம். ஒவ்வொரு ஜன்னலையும் மூன்று இடத்தில் அளந்து ஏட்டில் ஏற்றினோம். பெயின்டை பிளேடால் சுரண்டினோம். ஒரு ரூபாய் அளவு இடத்தில் படிப்படியாகச் சுரண்ட வேண்டும், மரத்தின் வளையம் போல ஒவ்வொரு நிறமும் தெரியும். வரவேற்பறையில் ஒன்பது பூச்சுக்கு அடியில் வெளிறிய பச்சை கிடைத்தது. மொசைக் தரையில் பெயர்ந்த சில்லுகளுக்கு அதே நிறச் சில்லு தேடி நாமக்கல் பக்கத்துக் குவாரி வரைக்கும் போனோம்.

கொத்து வேலைக்கு மாரப்ப மேஸ்திரி. மண்ணரைக்காரர், ஐம்பத்தெட்டு வயது, காதில் பென்சில் இருக்கும். நாங்கள் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏனுங் அம்மிணி, ஊட்டுக்கு மூஞ்சி கழுவி உடறீங்களே, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்பார். கலவை சுமக்கும் சரசக்கா விட மாட்டார். "மேஸ்திரி ஊட்டுச் செவுத்துல சுண்ணாம்பு உழுந்து கெடக்குது, மொதல்ல அதக் கழுவி உடச் சொல்லுங்க அம்மிணி. எங்கக்கா ராமாத்தா ஒழக்குல அள்ளிக் கொட்டுது." மேஸ்திரி சிரித்துக்கொண்டே மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போவார்.

பேரன் கொடுத்த பழைய இரும்புப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், அந்த வீட்டின் மூல வரைபடத்தைக் கண்டெடுத்தது நான். நீலத்தாள், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதைச் சார் முன்னால் விரித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். "இனிமே நமக்கு இதுதான் சட்டம். கண்டுபிடிச்சவங்களுக்கு என் நன்றி" என்றார். பதினெட்டு வருஷ வேலையில் என்னிடம் ஒரு மேலதிகாரி நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

வரைபடத்தில் நிறங்களுக்கு ஒரு முறை உண்டு. புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்க வேண்டியது மஞ்சள். மூல வரைபடத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் தேடித் தேடி மஞ்சள் அடித்தேன். கழிவறை, ஷட்டர், மாடித் தடுப்பு. போர்டிகோ நுனிக்குக் கீழே இருந்த ஒன்பது அங்குலச் சுவருக்கும் மஞ்சள் அடித்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு, ஓரம் பிசகாமல் அடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சார் சைட்டுக்கு வந்தார். போர்டிகோவை அடியிலிருந்து நீளக் கம்பால் தட்டிப் பார்த்தார். சத்தம் கெட்டியாக இருந்தது. மேலே ஏறியும் பார்த்தோம். மேல்பக்கம் முழுக்கப் பழைய தட்டோடு பதித்திருந்தார்கள். கைக்குச் சின்னதாக அடங்கும் சிவப்பு ஓடு, அந்த மாதிரி இப்போது யாரும் சுடுவதில்லை. ஒன்றுகூட உடையவில்லை. சார் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். "இது அசல். இதுல யாரும் உளி வைக்கக் கூடாது" என்றார்.

எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அங்கேதான் நடந்தது. தூண் இல்லாமல் நீண்டு நிற்கும் தளத்தைத் தாங்குவது அதன் மேல்பக்கத்துக் கம்பிகள். ஷெட் கட்டுகிறவன் யாராவது இருந்திருந்தால் ஓட்டைப் பெயர்த்துப் போட்டுக் கம்பியைப் பார்த்திருப்பான். அசலைக் காப்பாற்ற வந்தவர்கள் என்பதால் நாங்கள் பார்க்கவில்லை.

கீழே இறங்கி வந்து சார் சொன்னார்: "மேஸ்திரி, நாளைக்கு இந்தச் சுவரை எடுத்துடலாம்."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துக்கலாங்க சார்."

"குட்" என்று சொல்லிவிட்டுச் சார் காரில் ஏறினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். பெரியவர்களிடமும் வேலை கொடுத்தவரிடமும் சொல்லவே மாட்டோம். பெண் கேட்டு வந்தவரிடம் "பாத்துக்கலாங்க" என்றால் கொடுப்பதாக இல்லை என்று பொருள். அவர் காபியைக் குடித்துவிட்டுப் புரிந்துகொண்டு எழுந்து போவார். சம்மதம் என்றால் "ஆகட்டுங்க" என்போம். மேஸ்திரி ஆகட்டுங்க என்று சொல்லவில்லை. சார் சென்னைக்காரர், அவருக்கு இரண்டும் ஒன்று. நான் காங்கயத்தில் பிறந்தவள். எனக்கு இரண்டும் ஒன்று இல்லை.

மறுநாள் மேஸ்திரி சுவரைத் தொடவில்லை. அடுத்த நாளும் பின்கட்டில் பூச்சு வேலையே பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுவரின் உச்சியில் பூச்சைக் கொஞ்சம் தட்டிக் காட்டினார். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் கருங்கல் சில்லுகளை ஆப்பு மாதிரி இறுக அடித்து வைத்திருந்தார்கள்.

"ரூமு பண்ணக் கட்டுன செவுத்துக்கு ஆப்பு எதுக்குங் அம்மிணி? தளம் தொங்கியிருக்குதுங்க. அதுக்குத் தோள் குடுத்துட்டு அப்புறம் ஷட்டர் போட்டிருக்காங்க. சார் கிட்ட நீங்க ஒரு வார்த்த போட்டு வெய்ங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"சொல்றேங்க மேஸ்திரி" என்றேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சார் போனில் பேசினார். பையர்கள் அடுத்த வாரமே வருகிறார்கள் என்று பேரன் அவசரப்படுத்தியிருந்தார். "அந்தச் சுவர் இன்னும் நிக்குதாமே. உங்க ட்ராயிங் அவ்வளவு தெளிவா இருக்கு. மேஸ்திரியும் சரின்னுட்டார். அப்புறம் ஏன் டிலே?" உங்க ட்ராயிங் என்றார் அவர். மேஸ்திரி சொல்வது சரி என்றால் என் மஞ்சள் தப்பு. நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம், வரைபடத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். "நாளைக்கு எடுத்துருவாங்க சார்" என்றேன். காலையில் மேஸ்திரியிடம் சார் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சொன்னீங்களாங் அம்மிணி?"

"சார் ஒத்துக்கலீங்க" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இது மிகவும் சின்னது, இரண்டு சொல்.

"ஆகட்டுங்க" என்றார் மேஸ்திரி.

சைட்டில் கிடந்த சவுக்குக் கட்டைகளையெல்லாம் பொறுக்கி ஆறு இடத்தில் முட்டுக் கொடுத்தார். இன்னும் பத்து வேண்டும் என்று கேட்டார், கடையிலிருந்து சாயங்காலம் வரும் என்றார்கள். சுவரை மேலிருந்து இறக்காமல் நடுவிலிருந்து கல் கல்லாக உருவினார். பதினோரு மணிக்கு மேல் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. அம்மிணி, நீங்களும்தான்" என்றார். "நீங்க வர்லீங்களா?" என்று சரசக்கா கேட்டார். "எனக்கு ஒரு போண்டா வாங்கிட்டு வா. காஞ்சு போனத வாங்கியாறாத" என்றார்.

டீக்கடை எதிர்ச்சாரியில்தான். சத்தம் கேட்டுத் திரும்பியபோது தூசிதான் தெரிந்தது. வீடு தெரியவில்லை. முகப்பு முழுக்க ஒரு துணியை இழுத்து விட்டது போல இருந்தது. தளம் வேரோடு ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் நான் கம்பிகளைப் பார்த்தேன். துருப்பிடித்து, அகர்பத்திச் சாம்பல் மாதிரி உதிர்ந்தன. தட்டோடுகளில் பாதிக்கு மேல் உடையாமல் கிடந்தன.

மேஸ்திரியின் சாவுக்குப் போலீஸ் விசாரணை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "சுவரை இடிக்கச் சொன்னப்போ அவரு மறுத்தாராம்மா?" என்று கேட்டார். சார் தனக்கு விளங்கியபடி, பொய்யில்லாமல், மறுக்கவில்லை என்று சொல்லியிருந்தார்.

"பாத்துக்கலாங்கன்னு சொன்னாருங்க" என்றேன்.

"அப்போ ஒத்துக்கிட்டாரு."

அவர் எழுதினார். சம்மதித்து வேலையைத் தொடங்கிய மேஸ்திரி போதுமான முட்டு வைக்காத கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது. என்னிடம் தாளைத் திருப்பினார். மேஸ்திரி காட்டிய கல் ஆப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.

போர்டிகோவை எட்டு மாதத்தில் மறுபடி வார்த்தோம். உள்ளே இரும்பு உத்திரம் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரியாது. உடையாத தட்டோடுகளையே மேலே பதித்தோம். அந்த வரைபடத்தையும் நான்தான் வரைந்தேன். அதற்கு மேல் ஏழு வருஷம் வேலை பார்த்தேன், மஞ்சள் பென்சிலை மட்டும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் சரியில்லை என்று சொல்லி ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொல்லாமலே காலம் போயிருக்கும். என் மகள் நந்தினி ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கோவையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்ததும் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை வெள்ளகோவிலில் ஒரு பழைய வீடு. அதே காலத்து வீடு. தினமும் ஐந்தரை மணிக்கு அவள் சைட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று போன் பண்ண வேண்டும். ஐந்தே முக்கால் ஆனால் நானே கூப்பிட்டுவிடுவேன். "அம்மா, நீ என்ன பிஎஃப் ஆபீஸ் மாதிரி டெய்லி அட்டெண்டன்ஸ் எடுக்கற?" என்பாள்.

போன மாதம் ஒருநாள் உற்சாகமாகப் பேசினாள். "மாடிப்படிக்குக் கீழ பின்னாடி கட்டுன ஒரு தூண் இருக்கும்மா, அசிங்கமா. நாளைக்கு எடுத்துரலாம்னேன். மேஸ்திரி ஒடனே ஓகே சொல்லிட்டார்."

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"பாத்துக்கலாங்க மேடம்னார். ஏன்?"

நான் அடுப்பை அணைத்தேன். உட்கார்ந்தேன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளை. எங்கள் ஊட்டுப் பிள்ளைக்கே அந்தச் சொல் புரியவில்லை. "நாளைக்கு யாரும் அந்தத் தூணைத் தொடக்கூடாது. நீ அதுக்குக் கீழ நிக்கவே கூடாது. போய் அவருகிட்ட, ஏன் வேண்டாங்கறீங்கன்னு கேளு" என்றேன். "அவர் வேண்டாம்னு சொல்லவே இல்லியே" என்றாள். "கேளு கண்ணு" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் கேட்டாள். படிக்கட்டின் உத்திரம் உள்ளே வெடித்திருக்கிறது, அந்தத் தூண்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அந்த மேஸ்திரி பத்து நிமிஷம் விளக்கினாராம். கேட்க ஆள் இல்லாமல் காத்திருந்தது போல விளக்கினாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை நந்தினி வீட்டுக்கு வந்து, உனக்கு எப்படித் தெரியும் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சொல் பொய்யையும் சொன்னேன். பிறகு, "மேஸ்திரியோட சம்சாரத்துக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மண்ணரையில் லைன் வீட்டில் மேஸ்திரியின் மனைவி ராமாத்தாள் இருந்தார். மடியில் பனியன் குவியலை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாங் அம்மிணி" என்று தண்ணீர் கொடுத்தார். மகன் கதிர் எங்கே என்று கேட்டேன். கொத்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு சாயப்பட்டறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். "எந்த சைட்டுக்குப் போனாலும், முட்டு வெக்கத் தெரியாத மேஸ்திரி மகன்னு ஒருத்தன் சொல்லிச் சிரிக்கறானுங்க. எத்தன நாளைக்குக் கேட்டுட்டு இருப்பான்? எனக்கே சமயத்துல தோணும்ங்க. பொம்பளையாளுக அத்தன பேர வெச்சுட்டு இப்படிக் கவனமில்லாம இருந்துட்டாரேன்னு. போட்டோவப் பாத்துத் திட்டியிருக்கேனுங்க."

நான் சொன்னேன். ஆப்பைக் காட்டியது, என்னிடம் சொல்லியனுப்பியது, நான் சொல்லாதது, ஒத்துக்கலீங்க என்றது, டீக்கு அனுப்பியது, நான் கையெழுத்துப் போட்டது. அவர் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

பையில் இருந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். படிக்கச் சொன்னார். படித்தேன். ஒரு வரியில் நிறுத்தினார்.

"தயங்குனாருன்னா எழுதியிருக்கீங்க? எங்கூட்டுக்காரரு எதுக்குங்க தயங்கறாரு? வேண்டாம்னாரா இல்லீங்களா?"

"வேண்டாம்னாருங்க."

"அப்ப அத எழுதுங்க."

அடித்துவிட்டு, மறுத்தார் என்று எழுதினேன். அந்தச் சொல் எது என்று கேட்டார். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மகனுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி என் முன்னால் நீட்டினார். படிங்க என்றார். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். அந்தப் பக்கம் சாய மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"யாரும்மா அது?" என்றான் கதிர். "மிஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல."

ராமாத்தாள் என்னைப் பார்த்தார்.

"கேக்கலையாமா. சத்தமாப் படிங்க."

படித்தேன்.